கோலம் கிழக்கே, காலடி தெற்கே

வாசகர் கேள்வி: காங்கயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. என் கணவரின் தாத்தா கட்டியது. எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர், சீமை ஓடு. தலைவாசல் கிழக்கே இட்டேரியை, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்வழியைப் பார்த்து இருக்கிறது. மேற்கே தார்ச்சாலை வந்த பிறகு இட்டேரியில் வண்டி போவதே நின்றுவிட்டது. இப்போது எல்லாரும் மேற்குக் கேட்டில் நுழைந்து, மாடு கட்டும் கட்டுத்தறியைத் தாண்டி, மோட்டார் ரூமைச் சுற்றி, தெற்குச் சுவரை ஒட்டி நடந்து, சமையலறைப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறோம். மழைக்காலத்தில் அந்த வழி முழுவதும் சேறும் பாசியும். முதல்முறை வருகிறவர்கள் எந்தப் பக்கம் வருவது என்று தெரியாமல் கேட்டிலேயே நிற்கிறார்கள். அத்தைக்கு 78 வயது, கோல் ஊன்றி நடக்கிறார். கேட்டில் ஆர்ச் கட்டி, வீடு வரைக்கும் பேவர் பிளாக் போட்டு, படிக்குக் கிரானைட் ஒட்டலாம் என்கிறான் மகன். வீட்டைச் சுற்றி வழி போட்டு எல்லாரையும் தலைவாசலுக்கே வரவைக்க வேண்டும் என்கிறார் கணவர். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எதைச் செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களையும், நோட்டுத்தாளில் வரைந்த வரைபடத்தையும் இரண்டு நாள் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இரண்டு படங்கள் என்னை விடவில்லை. ஒன்று, விடியற்காலையில் எடுத்த தலைவாசல். சாணம் தெளித்த தரையில் உங்கள் அத்தை போட்ட கோலம் ஒரு புள்ளி கலையாமல் இருக்கிறது. அதன்மேல் ஒரு கோழி நடந்த தடம் மட்டும்தான். இன்னொன்று, அதே நாள் மாலையில் தெற்குக் கதவு. சுருட்டாத தண்ணீர்க் குழாய், கவிழ்த்த பிளாஸ்டிக் நாற்காலி, சோப்பு நுரை தேங்கிய துவைகல், அதை அடுத்துப் பதினான்கு ஜோடிச் செருப்புகள். கோலம் ஒரு பக்கம் இருக்கிறது, மனிதர்கள் இன்னொரு பக்கம் வருகிறார்கள். உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டு படங்களுக்குள்ளேயே இருக்கிறது.

கணவரின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. தாத்தா வைத்த நிலை, அவர் கால் பதித்த படி. ஆனாலும் வீட்டைச் சுற்றி வழி போட வேண்டாம். புது வழியில் ஒரு மாதம் நடப்பார்கள். பிறகு பால் ஊற்றுகிறவரும், தேங்காய் இறக்க வருகிறவரும், கடைசியில் நீங்களும் பழைய தடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். சமையலறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் தோட்டத்து வீட்டின் நடமாட்டம். இருபது வருடமாக எல்லாரும் வந்துபோகும் கதவைப் புழக்கடைக் கதவாகவே நடத்தி வந்திருக்கிறோம் என்பதுதான் இங்கே பிழை. ஒரு வாசலுக்கு உரியது எல்லாவற்றையும் அந்தக் கதவுக்குக் கொடுங்கள்: தலைக்கு மேல் நிழல், வழுக்காத தரை, சீரான படி, உட்கார ஓர் இடம், கால் கழுவத் தண்ணீர், விளக்கு, கோலம்.

தெற்கு வாசல் ஆகாது என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். நாம் புதிதாக எதையும் திறக்கவில்லை. இருக்கிற கதவை ஒழுங்குபடுத்துகிறோம், அவ்வளவுதான். தலைவாசல் தலைவாசலாகவே இருக்கட்டும். காலையில் திறந்து, மாலையில் விளக்கேற்றி, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் அந்த வழியாகவே நடங்கள். இதைக் கணவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் மனம் நிறையாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். பேவர் பிளாக்கா கல்லா என்ற பேச்சுக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுத் தெற்குக் கூரை 40 அடி நீளம், 15 அடி அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே மழையில் 5 சென்டிமீட்டர் பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 2,800 லிட்டர் இறங்கும். அவ்வளவும் இறவாரத்திலிருந்து நீங்கள் நடக்கும் வழியின்மேல்தான் கொட்டுகிறது. படத்தில் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவே, அவை ஓட்டு நுனித் தண்ணீர் தோண்டியவை. எத்தனை விலையுயர்ந்த கல்லைப் பதித்தாலும் அந்தக் கோட்டின்மேல் பதித்தால் இரண்டு மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும்.

ஆகவே வழியைச் சுவரிலிருந்து தள்ளுங்கள். சுவருக்கும் வழிக்கும் நடுவே நான்கடி விடுங்கள். அந்தக் குழிக் கோட்டின்மேலேயே ஒன்றரை அடி அகலத்தில் பள்ளம் எடுத்து, அடியில் பெரிய ஜல்லியும் மேலே சிறிய கூழாங்கல்லும் நிரப்புங்கள். பள்ளத்தின் அடிமட்டம் கிழக்கே சரியட்டும். வீட்டு மூலையைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் தென்னைகளுக்குப் போய்விடும். கூரைத் தண்ணீர் கல்லில் விழுந்தால் சேறு தெறிக்காது, சுவரின் அடியும் நனையாது.

சுவரடி வரைக்கும் சிமென்ட் தளம் போட்டுவிடலாம் என்று கொத்தனார் நிச்சயம் சொல்வார். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே வெளியே விட்டுவிடும். அடியில் தளம் போட்டு மூடி, மேலே சிமென்ட் பூசிவிட்டால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். உங்கள் சமையலறைச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்கிறதே, அந்த இடத்தில் ஏற்கனவே யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டால் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசச் சொல்லுங்கள். வெளியே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். நீர்த்து வடிகட்டிய சுண்ணாம்பில் கொஞ்சம் வச்சிரப் பசையும் ஒரு துளி நீலமும் கலந்து இரண்டு கை அடித்தால் போதும். அந்த வெள்ளை மாலை வெயிலில் கேட்டிலிருந்தே தெரியும். எந்தப் பக்கம் வருவது என்று நிற்கிறவருக்கு அதுவே பாதி பதில்.

அடுத்தது படிகள். நாடா வைத்து அளந்து நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாகவே இருந்தது. மூன்று படி, 8 அங்குலம், 11 அங்குலம், 8 அங்குலம். கால் ஓர் உயரத்துக்குப் பழகி அடுத்ததற்கு எழும்பும்போது நடுப்படி மூன்று அங்குலம் கூடுதலாக நிற்கிறது. உயரமான படியைவிட ஒன்றுக்கொன்று ஒவ்வாத படிதான் ஆளைத் தள்ளும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தாராபுரம் பக்கம் எங்கள் ஆத்தா வீட்டில் பழைய கொத்துக்கல் படிகள் இருந்தன. நடந்து நடந்து நடுவில் குழிந்த கற்கள். நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது, வீட்டுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று, அந்தப் படிகளின்மேல் பளபளக்கும் கிரானைட் ஒட்டச் சொன்னேன். அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, தூறலில் நனைந்த அந்தக் கல்லில் பால் சொம்போடு இறங்கிய ஆத்தா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் தோட்டத்துக்குள் நடக்கவே இல்லை. அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அவன் ஆசையில் குற்றமில்லை. என் ஆசையும் அதேதான்.

பளபளப்பான கிரானைட்டோ, வழவழப்பான டைல்ஸோ, மெருகேற்றிய கடப்பாக் கல்லோ வெளிப்படிக்கு வேண்டவே வேண்டாம். உளியால் கொத்திய கருங்கல்தான் சரி. உங்கள் கிணற்று மேட்டில், மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்துப் பலகைக்கற்கள் குவிந்து கிடப்பது ஒரு படத்தின் மூலையில் தெரிகிறது. முதலில் அவற்றை எண்ணுங்கள். படிக்கும், வழியின் பெரும்பகுதிக்கும் அவையே போதும் என்று தோன்றுகிறது.

மொத்த உயரம் 27 அங்குலம். அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு படி ஐந்தரை அங்குலத்துக்குள் அடங்கும். கால் வைக்கும் அகலம் 14 அங்குலம் இருக்கட்டும். கோலும் காலும் ஒரே படியில் நிற்க அந்த அகலம் வேண்டும். கதவுக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி மேடை. கதவைத் திறந்ததும் படி தொடங்கக் கூடாது. நின்று, மூச்சுவிட்டு, திரும்ப இடம் வேண்டும். மேடையும் படிகளும் வெளிப்பக்கமாக மிக லேசாகச் சரிந்திருந்தால் தண்ணீர் நிற்காது.

இன்னொன்று. இப்போது படிகள் தெற்கே பார்த்து இறங்குகின்றன. அவற்றை மேற்கே பார்த்து இறக்குங்கள். மேற்கிலிருந்து வருகிறவருக்கு இப்போது தெரிவது படியின் பக்கவாட்டுச் சுவர் மட்டும். படியே முகம் கொடுத்து நின்றால், அது "வாங்க" என்று சொன்ன மாதிரி. மேடையின் கிழக்குப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். என்றாவது சக்கர நாற்காலி தேவைப்பட்டால் 27 அடி நீளத்துக்குச் சாய்தளம் இறக்கலாம்; ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது.

கைப்பிடிக் கம்பி கட்டாயம். ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் போதும். படியிலிருந்து 34 அங்குல உயரத்தில் வைத்து, கடைசிப் படியைத் தாண்டியும் ஓர் அடி நீட்டி விடுங்கள். விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான். அத்தை கோலை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று பார்த்து, ஏறும்போது மறு கை படும் பக்கம் முதலில் வையுங்கள். இறங்கும்போது அந்தக் கம்பி கோல் பிடிக்கும் கைப்பக்கம் வந்துவிடும் என்பதால், முடிந்தால் இரண்டு பக்கமும் வைத்துவிடுவதே நல்லது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு தீட்டுங்கள். கண் மங்கியவர்களுக்கு ஒரே நிறக் கல்லில் படி முடியும் இடம் தெரியாது.

மேடைக்கு மேல் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இறக்க வேண்டும். படிகளையும் சேர்த்து மூடும்படி 12 அடி நீளம், ஆறடி அகலம். தாங்குவதற்கு உங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் கல்தூண் இரண்டு. கூரையைப் பிரித்தபோது மிஞ்சிய சீமை ஓடுகள் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவையே போதும். சாய்மானத்தில் மட்டும் கொத்தனார் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவு குறைந்தால் காற்றோடு அடிக்கும் மழையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் எதிர்த்து ஏறும். இறவாரம் தாழ்வாக இருந்து போதிய சரிவு கிடைக்கவில்லை என்றால், ஓட்டுக்கு அடியில் தகடு ஒன்றை விரித்துவிட வேண்டும். சாய்ப்பின் நுனியில் மட்டும் அரைவட்டத் தகரத் தாரை மாட்டி, தண்ணீரை ஒரு பக்கமாக இறக்குங்கள்.

அந்த மேடையில், சுவரை ஒட்டி, 17 அங்குல உயரத்துக்கு ஒரு சின்னத் திண்ணை. பட்ஜெட் இடித்தாலும் இதைக் குறைக்காதீர்கள். காய்கறிக் கூடையை இறக்கி வைக்கவும், செருப்பைக் கழற்ற உட்காரவும், உள்ளே வர மனமில்லாத வேலையாள் இரண்டு நிமிடம் உட்கார்ந்து மோர் குடிக்கவும் இடம் வேண்டும். பழைய வீடுகளில் வழிப்போக்கருக்குக்கூட அந்த இடம் இருந்தது. திண்ணையின் மேற்பரப்புக்கு மட்டும் சிவப்புக் காவி பூசலாம். நடக்கும் இடத்தில் பூசினால் நனைந்தபோது வழுக்கும். திண்ணைக்கு அடியைக் குடைவாக விட்டுவிட்டால் அந்தப் பதினான்கு ஜோடிச் செருப்புகளும் அதற்குள் போய்விடும்.

கால் கழுவும் இடம். முன்பெல்லாம் வாசலில் அண்டாவும் சொம்பும் இருக்கும். காட்டிலிருந்து வருகிறவர் கால் நனைக்காமல் படி ஏற மாட்டார். இப்போது உங்கள் வீட்டில் சேற்றுக் காலோடு வந்து, சமையலறைச் சாக்கில் துடைத்துக்கொள்கிறார்கள். படி தொடங்கும் இடத்துக்கு மூன்றடி முன்னால், வழியின் ஓரமாக, முழங்கால் உயரத்தில் ஒரு குழாயும், கீழே சொரசொரப்பான பலகைக்கல் ஒன்றும் வையுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கும் வாழைக்கே போகட்டும். துவைகல்லை மட்டும் வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்விடுங்கள். ஒரே இடத்தில் துவைக்கவும் வரவேற்கவும் முடியாது.

வழிக்கு ஐந்தடி அகலம் வேண்டும். அத்தையும் அவரைப் பிடித்து வருகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க அதுதான் அளவு. மோட்டார் ரூமைச் செங்குத்தாகச் சுற்றாமல், இப்போது கால் தடம் எப்படி வளைந்து போகிறதோ அப்படியே போகட்டும். இருபது வருடக் காலடி தேய்த்த கோட்டைவிட நல்ல கோடு எனக்கும் போடத் தெரியாது. நான்கு அங்குலம் கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து, மேலே இரண்டு அங்குலம் எம்-சாண்ட் பரப்பி, கற்களைப் பதியுங்கள். வழியின் மேற்பரப்பு வீட்டுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, நான்கடிக்கு ஓர் அங்குலம் சரியட்டும். பழைய கல் போதாமல் போனால் கேட் பக்கம் பேவர் பிளாக் போடுவதில் தவறில்லை. மகனுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும். டிராக்டர் குறுக்கே கடக்கும் இடத்தில் மட்டும் 80 மில்லிமீட்டர் கனமுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நடக்க மட்டும் என்றால் 60 போதும். வேப்பமரத்தைச் சுற்றி நான்கடிக்கு எதுவும் பதிக்காதீர்கள். வேர் மூச்சுவிடவும் வேண்டும், தடிக்கவும் வேண்டும்.

ஆர்ச் வேண்டாம். சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒருநாள் அதில் மாட்டும். அதைவிட, கேட்டின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த கிளுவை வேலியைத் திரும்ப வளருங்கள். போத்து நட்டாலே துளிர்த்துவிடும். தகரத் தடுப்பைப் பார்த்து நிற்கிறவருக்கு அது யாருடைய தோட்டம் என்று தெரியாது. கிளுவை வேலியும், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும், அதில் மேயும் மாடுகளும் காங்கயத்துக்கு உள்ள முகம். கட்டுத்தறியை மறைத்துச் சுவர் எழுப்பலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். எதற்கு மறைக்க வேண்டும்? விருந்தாளி முகம் சுளிப்பது மாட்டைப் பார்த்து அல்ல, வழியில் தேங்கும் கோமியத்தைப் பார்த்து. கட்டுத்தறித் தரையின் சரிவை மறுபக்கம் திருப்பி, குப்பைக்குழியைக் காற்று வீட்டுப் பக்கம் வீசாத இடத்துக்கு மாற்றிவிட்டால், அந்த மாடுகளைத் தாண்டி வருவதே வீட்டுக்கு வரும் வழியின் அழகு. நாயைக் கதவருகே கட்டாமல், வருகிறவர் தொலைவிலிருந்தே பார்க்கும்படி வேப்பமரத்தடியில் கட்டுங்கள்.

செடிகளில் ஓர் எச்சரிக்கை. வழிநெடுக அரளி வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டுத்தறிக்குப் பக்கத்தில் அரளி கூடவே கூடாது. அது மாட்டுக்கு நஞ்சு. செம்பருத்திச் செடிகளை வையுங்கள். அவையும் வழியிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்கட்டும், அடிப்பகுதி கழிக்கப்பட்டுத் தரை தெரியட்டும். தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இருட்டில் கால் வைக்கும் இடத்தை ஒட்டிப் புதர் வளர்க்கக் கூடாது.

விளக்குக்கும் இதே கவலைதான். கூரை மூலையில் இருக்கும் அந்தப் பெரிய வெள்ளை விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில்தான் அடிக்கிறது. காலடி அவரவர் நிழலுக்குள் போய்விடுகிறது. அதை அணைத்துவிட்டு, முழங்கால் உயரத்தில், வெளிச்சம் கீழ்நோக்கி விழும் சின்ன எல்.இ.டி. விளக்குகளைப் பதினைந்தடிக்கு ஒன்றாக வையுங்கள். படிக்கு ஒன்று, சாய்ப்புக்கு அடியில் ஒன்று. 3000 கெல்வின் என்று அச்சிட்ட மஞ்சள் வெளிச்சமாக வாங்குங்கள். அதற்குப் பூச்சியும் குறைவாக வரும். கேட்டிலும் கதவிலும் இரண்டு இடத்திலிருந்தும் போடவும் அணைக்கவும் சுவிட்ச் இருக்க வேண்டும். ஈரத் தரையில் போகும் மின்கம்பி என்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள்.

கதவைப் பற்றிக் கடைசியாக. அந்த வேப்பமரக் கதவைக் கழற்றிவிட்டு இரும்புக் கதவு போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மேலே அப்பியிருக்கும் பச்சை எனாமலைச் சுரண்டி எடுத்து, கரையான் தொட்ட அடிப்பலகையை மட்டும் மாற்றி, ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை தேய்த்தால் மரத்தின் வரி தெரியும். நிலைக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை. இதுவரை அந்த நிலைக்கு யாரும் வைத்ததில்லை போலிருக்கிறது.

ஒன்றரை லட்சத்தில் எல்லாமே ஒரே மூச்சில் முடியாமல் போகலாம். அப்படியானால் ஜல்லிப் பள்ளம், படி, கைப்பிடி, விளக்கு இந்த நான்கையும் அக்டோபர் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சாய்ப்பும் திண்ணையும் தை பிறந்ததும் செய்யலாம். அவற்றுக்கான கடைக்காலை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். சுண்ணாம்பு அடிப்பதும் கிளுவை நடுவதும் நீங்களே செய்கிற வேலை.

கற்களைப் பதிக்கும் முன்பு ஒரு காரியம். வழியின் இரண்டு ஓரத்தையும் கோலமாவால் கோடிட்டு, செங்கற்களை அடுக்கிப் படியின் உயரத்தைக் காட்டி, அத்தையை ஒரு மாலை நேரத்தில் கேட்டிலிருந்து கதவு வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார், எங்கே சுவரைத் தேடிக் கை போகிறது என்று பின்னாலேயே நடந்து பாருங்கள். அங்கெல்லாம் கோட்டைத் திருத்துங்கள். படிக்கு முன்னால் கல் பதிக்காமல் ஒரு சதுரம் விட்டுவிட வேண்டும். மண்ணை இடித்துச் சாணம் தெளிக்கிற மாதிரி. வரைபடத்தில் அதற்கு ஆறடிக்கு ஆறடி என்று நான் குறித்திருக்கிறேன். ஆனால் எத்தனை புள்ளிக் கோலம் அங்கே வரும் என்பதை அத்தையிடம் கேட்டுவிட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.